ஒரு நிமிஷம், தமிழ்ப் பாட்டு, மியூசிக் கிடையாது

குழந்தை பாடறதுக்குத் தமிழ்ல பாட்டு எங்க இருக்கு?

கொஞ்ச நாளா எங்க வீட்டுல ஆளாளுக்கு இதையே கேட்டுட்டாங்க. நிறைய இருக்குங்க. நாம தேடற இடம்தான் வேற. அதைப் பத்தி மனசு நிறைய சேந்துபோச்சு, இன்னிக்கு முழுசா கொட்டிடறேன். நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு. ரெண்டாங்கிளாஸ். ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போடறாங்க. காட்டுல இருக்கிற மிருகமெல்லாம் கூடி, ஒரு கிழட்டு ஆலமரத்தை வெட்ட விடாம காப்பாத்தற கதை. நடுநடுவுல பாட்டு வரும். அதனால ஆடிஷன். வாட்ஸாப்ல டீச்சர் அனுப்பின செய்தி ரொம்பத் தெளிவா இருந்துச்சு.

ஒரு நிமிஷம்.
தமிழ்ப் பாட்டு.
மியூசிக் கிடையாது.
முடிஞ்சா ஆக்‌ஷனோட.

படிச்சதுமே எனக்கு அந்த டீச்சரைப் புடிச்சுப்போச்சு. கரோக்கி டிராக்கைப் போட்டுவிட்டா பாதிப் பாட்டை அதுவே பாடிடும். குழந்தை எங்க ஆரம்பிக்குது, எங்க மூச்சு வாங்குது, எந்த வார்த்தையை முழுங்குதுன்னு எதுவும் தெரியாது. டிராக் இல்லாம ஒரு நிமிஷம் பாடச் சொன்னா எல்லாம் தெரிஞ்சிடும். (அமெரிக்காவுல மியூசிக்கல் நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது பெரிய ஆளுங்களையே பதினாறு பார் பாடுங்கன்னுதான் கேப்பாங்க. பதினாறு பார்ங்கறது ஒரு பல்லவி அளவு கூட சில சமயம் வராது.)

சென்னை பாடியில இருக்கிற எங்க வீட்டுல யாரும் இதை ஒரு நிமிஷப் பாட்டா பாக்கலை.

அப்பா ரிட்டையர் ஆனவர். எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டுன்னா உயிரு. "குழந்தைப் பாட்டுன்னா ‘குழந்தையும் தெய்வமும்’ படத்துப் பாட்டுதான், வேற பேச்சே இல்லை"ன்னுட்டாரு. மாமா (அக்கா வீட்டுக்காரர்) ரஜினி என்ட்ரி சாங் பாடினா கைத்தட்டு பறக்கும்னாரு. மாடி வீட்டு ஆன்ட்டி கீர்த்தனை சொல்லித் தரேன்னு முன்வந்தாங்க. அக்கா, டிவி பாட்டுப் போட்டியில ஒரு குட்டிப் பொண்ணு பாடி நடுவர்களையெல்லாம் அழ வச்ச காதல் பாட்டு ஒண்ணை போன்ல தயாரா வச்சிருந்தா.

அம்மா மட்டும் வேற திசையில போனாங்க. "நம்ம கோயில் பதிகத்தைப் பாட வைங்கடி."

இது தெரியாதவங்களுக்கு. எங்க தெருவுலேர்ந்து நடந்து போற தூரத்துல இருக்கிற திருவல்லீஸ்வரர் கோயில் பாடல் பெற்ற தலம். தேவாரத்துல ஊர்ப்பேரு திருவலிதாயம். முதல் திருமுறையில மூணாவது பதிகமே நம்ம ஊருக்குத்தான், சம்பந்தர் பாடினது. நட்டபாடைப் பண். கம்பீரநாட்டையில ஓதுவார்கள் பாடிக் கேட்டா அந்தக் கருங்கல் மண்டபமே கூடப் பாடற மாதிரி இருக்கும். சம்பந்தர் மூணு வயசுல சீர்காழிக் குளக்கரையில பாட ஆரம்பிச்சார்னு பெரியபுராணம் சொல்லுது. அம்மா இதைச் சொல்லி முடிச்சதும் அக்கா பொண்ணு கேட்டா:

"சித்தி, அந்தக் குட்டிப் பையனுக்கு யாரு ஆடிஷன் வச்சாங்க?"

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கலை. பதிகம் அவசியம் சொல்லித் தரணும்னு எனக்கும் ஆசை. ஆனா அதை நிதானமா, அர்த்தம் சொல்லிச் சொல்லி, அவசரமில்லாம பண்ணணும். கரடியும் நரியும் வர்ற நாடகத்துக்காக நாலு நாள்ல திணிக்கற விஷயமில்லை அது.

இப்ப அக்கா தேர்ந்தெடுத்த காதல் பாட்டு. இதுல எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. ஏழு வயசுக் குழந்தை, பிரிஞ்சு போன காதலனை நினைச்சு உருகிப் பாடறதைப் பாத்து பெரியவங்க கண்ணு கலங்கறது எனக்குப் புடிக்கலை. அந்தக் குழந்தைக்கு அங்க என்ன நடக்குதுன்னே தெரியாது. பெரியவங்க முகபாவத்தைப் பாத்து அப்படியே திருப்பிச் செய்யுது. நாடகத்துக்கு ஆள் எடுக்கறவங்க பாக்கறது அதை இல்லை. இந்தப் பொண்ணு ஒரு விஷயத்தை நினைச்சா, அது அவ முகத்துல வருதா, குரல்ல வருதா? அதைத்தான் பாப்பாங்க. புரியாத பாட்டுல அது எப்படி வரும்?

அக்காகிட்ட சண்டையெல்லாம் போடலை. குழந்தைகிட்டயே கேட்டேன். "இந்தப் பாட்டுல யாரு, யார்கிட்ட, என்ன சொல்றாங்க?" அவ யோசிச்சுட்டு, "ஒரு அக்கா மழையில நனைஞ்சுக்கிட்டே போன் சார்ஜ் இல்லாம தேடறாங்க"ன்னா. (வீடியோவுல மழை இருந்துச்சு. சார்ஜ் விஷயம் அவளாச் சேத்தது.) அக்காவே அந்தப் பாட்டை விட்டுட்டா.

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்டுப் பாக்கலாம். குழந்தை அந்தப் பாட்டோட கதையைத் தன் வார்த்தையில சொல்லுதான்னு பாருங்க. சொன்னா பாடும்.

அடுத்தது குரல். இங்கதான் பெரும்பாலான வீடுகள்ல வழுக்குது.

சின்னக் குழந்தைங்க குரல் நாண் ரொம்பக் குட்டி. அதனால குரல் மெலிசா, உசரமா இருக்கும். உசரமா இருக்கேன்னு எல்லா உசரமும் எட்டும்னு நினைச்சுடறோம். அப்படி இல்லை. மேலயும் கீழயும் அதுக்கு ஓடற இடம் கம்மி. ஏழு வயசுல ஒரு ஸ்தாயி சௌகரியமா வந்தாலே பெரிய விஷயம். நம்ம சினிமாப் பாட்டுல பல்லவி தரையில தொடங்கும், சரணம் கூரையைத் தொடும். பல்லவியில குழந்தை முணுமுணுக்கும், சரணத்துல கத்தும். கத்திக் கத்தி ரெண்டே நாள்ல தொண்டை கட்டிக்கும். ஆடிஷன் அன்னிக்கு மிளகுப் பால்தான்.

அதனால பாட்டைத் தேடறதுக்கு முன்னாடி குரலைப் பாத்துட்டோம். மொட்டை மாடியில உக்காந்து, போன்ல ஹார்மோனிய ஆப் திறந்து, ஒவ்வொரு கட்டையா அமுக்கி கூடவே "ம்ம்" சொல்லச் சொன்னேன். (எம்.டி.எச். ரோடு ஹாரன் சத்தம் அங்க வரைக்கும் வரும். ஒரு லாரி ஹாரன் என்ன சுருதின்னு கண்டுபுடிச்சே ஆகணும்னு கொஞ்ச நேரம் அதுல போச்சு.) நடுவுல இருக்கிற ‘சி’யிலேர்ந்து அதுக்கு மேல ‘ஏ’ வரைக்கும் அவளுக்கு வெண்ணெய். அதுக்கு மேல குரல் மெலிஞ்சு நூலாகுது. கீழ போனா காத்துதான் வருது. அதாவது ஒரு கட்டையை ஸட்ஜமா வச்சா மேல தைவதம் வரைக்கும். சங்கீதம் தெரிஞ்சவங்க கேப்பீங்க, ஒரு கட்டை ஆம்பளைங்க சுருதியாச்சேன்னு. அவங்க பாடற ஒரு கட்டைக்கு ஒரு ஸ்தாயி மேல இது.

ஆக மொத்தம் ஆறு ஸ்வரம். அவ வீடு அவ்வளவுதான். அதுக்குள்ள அவ ராணி.

இப்ப அப்பா சொன்ன பாட்டுக்கு வரேன். ‘குழந்தையும் தெய்வமும்’ 1965ல வந்த படம். குட்டி பத்மினி ரெட்டை வேஷம். அந்தக் குழந்தைக்குப் பின்னாடி பாடினவங்க எம்.எஸ். ராஜேஸ்வரி. இந்த அம்மாவைப் பத்தி நம்ம ஊர்ல இன்னும் நிறையப் பேசணும். 1947ல ‘நாம் இருவர்’ படத்துல பேபி கமலாவுக்குப் பாடினாங்க. 1960ல ‘களத்தூர் கண்ணம்மா’வுல குட்டி கமல்ஹாசனுக்குப் பாடினாங்க. அப்புறம் குட்டி பத்மினிக்கு. நம்ம அப்பா அம்மா தலைமுறைக்குக் குழந்தைக் குரல்னா அது இவங்க குரல்தான். 2018ல இறந்துபோனாங்க.

ஆனா கவனிங்க, பாடினது வளந்த பெண். குரலை மெலிசாக்கி, வார்த்தையைக் குழைச்சு, மழலை கொண்டுவந்தாங்க. அடியில இருக்கிற மூச்சு பெரியவங்க மூச்சு. நீளமான வரியை ஒரே இழுப்புல இழுத்து, கடைசியில ஒரு குட்டி வளைவும் போட்டு முடிப்பாங்க. கேக்கும்போது குழந்தை பாடற மாதிரியே இருக்கும். நம்ம குழந்தையைப் பாடச் சொன்னா பாதி வரியில மூச்சு தீந்துடும். அப்பா முன்னாடியே பாடிக் காட்டச் சொன்னேன். அவ மூணாவது வரியில மூச்சு வாங்கி நின்னதும் அப்பாவே, "சரி, அந்தம்மா வேற லெவல், விடு"ன்னுட்டாரு.

நெஜமாவே குழந்தைங்க பாடின பாட்டும் நம்மகிட்ட இருக்கு. ‘அஞ்சலி’ (1990) எடுத்துக்கோங்க. இளையராஜாவோட 500வது படம், அவர் வீட்டுப் பசங்களே கும்பலாப் பாடினாங்க. கூட்டமாப் பாடற பாட்டுங்கறதால ஒத்தைக் குழந்தை மியூசிக் இல்லாம பாடினா பாதி காலியாத் தெரியும். ஆனா நாலு பசங்க சேந்து பாடணும்னா அதைவிட நல்ல பாட்டு கிடையாது. 2014ல வந்த ‘சைவம்’ படத்துல உத்ரா உன்னிகிருஷ்ணன் பாடின பாட்டு. ஜி.வி. பிரகாஷ் இசை. அதுக்காக உத்ராவுக்குத் தேசிய விருது கிடைச்சப்ப வயசு பத்து. அதே பாட்டுக்கு நா. முத்துக்குமாருக்கும் விருது. பாக்கற எல்லாத்துலயும் அழகைக் காட்டற பாட்டு, குழந்தைக்குப் புரியும், குழந்தை குரல்லயே இருக்கு. இதைப் பட்டியல்ல வச்சுக்கிட்டோம்.

இன்னொண்ணு சொல்லணும். மகளைப் பத்தி அப்பா பாடற பாட்டு, தூங்க வைக்க அம்மா பாடற பாட்டு, இதெல்லாம் குழந்தைப் பாட்டுன்னு யூடியூப்ல ஒரே லிஸ்ட்டுல போட்டுடறாங்க. அது நாம குழந்தைக்குப் பாடறது. மேடையில குழந்தை நின்னு பாடணும்னா, அது குழந்தையோட வாயிலேர்ந்து வர்ற பேச்சா இருக்கணும்.

அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி நாடகக்காரங்க இதை நல்லாப் புரிஞ்சு வச்சிருந்தாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரையில சின்னப் பசங்களை வச்சே ஒரு சபை ஆரம்பிச்சார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதுலதான் சேந்தாங்க. டி.கே. சண்முகத்துக்கு அப்ப ஆறு வயசு. இவளைவிடச் சின்னவர்! சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே ராத்திரியில எழுதி முடிச்சார்னு சொல்வாங்க. அபிமன்யுவா நடிச்சது குட்டி சண்முகம். என்னை அசத்தினது அந்த ஒரு ராத்திரி வேகம் மட்டும் இல்லை. எந்தப் பையன் பாடப்போறான்னு தெரிஞ்சு, அவன் குரலை மனசுல வச்சுக்கிட்டு பாட்டு எழுத ஒரு வாத்தியார் பக்கத்துலயே இருந்தார். மைக் இல்லாத காலம், கடைசி வரிசைக்கும் கேக்கணும், உசந்த சுருதியில பாடியாகணும். வயசு ஏறி மகரக்கட்டு வந்துட்டா குரல் உடைஞ்சு வேஷமே கைமாறிடும். அந்தப் பசங்க பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை, அதை ஆஹா ஓஹோன்னு நான் சொல்ல வரலை. குரலுக்கு ஏத்த பாட்டுங்கற அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவங்ககிட்டேர்ந்து எடுத்துக்கலாம்.

சரி, எங்க கதைக்கு வரேன். குரல் பாத்தாச்சு, அர்த்தம் பாத்தாச்சு. அப்பதான் மூணாவதா ஒரு சிக்கல் தெரிஞ்சுது.

பல்லு.

மேல் முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கு. ‘ச’வும் ‘ஸ’வும் வர்ற இடமெல்லாம் விசில் அடிக்குது. சும்மா பேசும்போது அழகா இருக்கு. பாட்டுல இழுத்துப் பாடற இடத்துல ‘ச’ வந்தா குக்கர் வச்ச மாதிரி ஆயிடுது. அவளுக்கே சிரிப்பு வந்து பாட்டு நின்னுடுது. இதை மறைக்கச் சொல்லிக் குழந்தையைக் கஷ்டப்படுத்தக் கூடாது. விசில் வராத பாட்டாப் பாத்துக்கணும்.

‘ட’வுக்குப் பல்லே வேண்டாம். நாக்கு நுனியை மடிச்சு அண்ணத்துல ஒரு தட்டு, அவ்வளவுதான். ‘ட்ட’வா வர்ற பாட்டு எதுன்னு யோசிச்சதும் எனக்கு ஒரே ஒருத்தர்தான் ஞாபகம் வந்தாரு. அழ. வள்ளியப்பா.

கிட்டுன்னு ஒரு பையன், பட்டுன்னு அவன் தங்கச்சி, எட்டு லட்டு. ஆளுக்குப் பாதியா சாப்பிட்டு முடிச்சிடறாங்க. நீங்க எல்லாரும் சின்ன வயசுல சொல்லியிருப்பீங்க. வரிக்கு வரி ‘ட்டு’லதான் முடியும்.

இதை எடுத்து வச்சதும் அக்காவுக்குக் கோவம். "அது எல்.கே.ஜி. ரைம்ஸ்டி! மத்த பசங்க சினிமாப் பாட்டு பாடுவாங்க, இவ மட்டும் லட்டுன்னு நிப்பாளா?"

நான் வள்ளியப்பா கட்சி. விட்டுக்கொடுக்கலை. புதுக்கோட்டை பக்கம் ராயவரத்துல 1922ல பொறந்தவர். இந்தியன் பாங்க்ல வேலை பாத்துக்கிட்டே வாழ்நாள் பூரா குழந்தைங்களுக்காக எழுதினார். குழந்தை எழுத்தாளர்களுக்குன்னு 1950ல ஒரு சங்கமே உருவாக்கினார். அவர் பாட்டு சின்னதா இருக்கும், ஆனா உள்ள ஒரு நாடகம் இருக்கும். இந்த லட்டுப் பாட்டையே பாருங்க. ரெண்டு பாத்திரம். ஒரு பொருள். ஆரம்பத்துல தட்டு நிறைஞ்சிருக்கு, முடிவுல காலி. நடுவுல கணக்கு வேற. ஆக்‌ஷனோட பாடுன்னு டீச்சர் கேட்டதுக்கு இதைவிட என்ன வேணும்? ஒரு பொண்ணு அண்ணனாவும் தங்கச்சியாவும் மாறி மாறி நிக்கலாம்!

அக்கா யோசிச்சா. கடைசியில, "அவளையே கேளு"ன்னா. அதுதான் நியாயம். ‘சைவம்’ பாட்டையும் லட்டுப் பாட்டையும் அவ முன்னாடி வச்சோம்.

அவ கேட்டது ஒண்ணுதான். "லட்டை நெஜமா வச்சுக்கிட்டுப் பாடலாமா?"

முடிவாயிடுச்சு.

மெட்டு நாங்களே போட்டோம். மோகனம். ஸ ரி க ப த, அஞ்சே ஸ்வரம். அவ வீட்டுக்குள்ள அடங்கிடும். நாலு நாலு தட்டா கைத்தட்டினா வள்ளியப்பா வரி தானா வந்து உக்காருது, நாம ஒண்ணும் வளைக்க வேண்டாம். ஒரு தரம் சாதாரணமா, ரெண்டாம் தரம் கொஞ்சம் வேகமா (லட்டு தீரத் தீர அவசரம் வரணும்னு அவளே கண்டுபுடிச்சா), கடைசியில காலித் தட்டைத் திருப்பிக் காட்டி நிறுத்தம். ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடுச்சு. நெஜ லட்டு வேண்டாம், கையிலயே லட்டு இருக்கிற மாதிரி காட்டுன்னு பேசி ஒத்துக்க வச்சோம். ஒத்திகைக்கு மட்டும் நெஜ லட்டு. அதுல அப்பாவுக்கும் பங்கு போச்சு.

ரொம்ப நேரம் ஒத்திகை பாக்கலை. சாயங்காலம் விளையாடிட்டு வந்ததும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். அதிகமா உழைச்சது ஒரே விஷயத்துக்குத்தான்: ஆரம்ப சுருதி. பயத்துல குழந்தைங்க எப்பவுமே உசத்தி ஆரம்பிச்சுடும். அப்புறம் மேல போக இடமிருக்காது. அதனால பேரு சொல்லிட்டு, வாயை மூடி ஒரு "ம்ம்" சொல்லி, மனசுக்குள்ள முதல் வார்த்தையைக் கேட்டுட்டு அப்புறம் வாயைத் திறன்னு சொல்லிக் கொடுத்தேன். குளிக்கும்போது, கொரட்டூர் ஏரிப் பக்கம் ஸ்கூட்டர்ல போகும்போது, திடீர்னு "ஆரம்பி"ன்னு சொல்வேன். அவ "ம்ம்" சொல்லிப் புடிச்சுப்பா. போன்ல சரிபாத்தா பெரும்பாலும் சரியா இருக்கும்.

ஆடிஷன் அன்னிக்கு உள்ள விடமாட்டாங்க. வெளிய வராண்டாவுல அம்மாக்கள் கூட்டம். உள்ளேர்ந்து ஒவ்வொரு பாட்டா கேட்டுச்சு. சில பசங்க ரொம்ப நல்லாப் பாடினாங்க. ஒரு பையன் மாரியம்மன் தாலாட்டு பாடினான், கணீர்னு, எனக்குச் சிலிர்த்துப்போச்சு. இவ முறை வந்தப்ப முதல்ல பேரு. அப்புறம் அமைதி. ("ம்ம்" போட்டுட்டு இருக்கான்னு எனக்கு மட்டும் தெரியும்.) அப்புறம் லட்டு. நடுவுல உள்ள இருந்த மத்த பசங்க சிரிச்சாங்க. வேகமான ரெண்டாம் சுத்துல யாரோ கைத்தட்ட ஆரம்பிச்சு எல்லாரும் சேந்துக்கிட்டாங்க.

வெளிய வந்தவ சொன்னது, "மிஸ் கேட்டாங்க சித்தி, பட்டுவுக்குக் கோவம் வராதான்னு. வராது, அவளுக்கும் நாலு கெடச்சுதேன்னு சொன்னேன்."

கரடி வேஷம் கிடைச்சிருக்கு. தேன் தேடிப் போற கரடி. ஒத்தையாப் பாட ஒரு பாட்டும் இருக்கு. மயில்தான் வேணும்னு முதல்ல சொல்லிட்டு இருந்தவ, கரடிக்குத்தான் பாட்டு அதிகம்னு தெரிஞ்சதும் மயிலை மறந்துட்டா. கறுப்பு ஃபர் துணி வாங்க அக்கா சரவணா ஸ்டோர்ஸுக்குக் கிளம்பியாச்சு.

கரடிப் பாட்டு ஆடியோ நேத்து வந்துச்சு. மெட்டு நல்லா இருக்கு. ஆனா தேன்கூட்டைப் பாக்கற இடத்துல மேல் ஸ்தாயி ரிஷபம் வரைக்கும் போகுது. டீச்சருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்: "மேடம், பாட்டு ரொம்ப நல்லா இருக்கு. சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கலாமா? கோரஸ் பசங்களுக்கும் சௌகரியமா இருக்கும்." அரை மணி நேரத்துல பதில் வந்துச்சு. கீபோர்டுல இறக்கி வாசிச்சுப் பாத்தாங்களாம், குரங்கு வேஷம் போடற பையனுக்கும் இப்பதான் சரியா வருதாம். திங்கக்கிழமை ஒத்திகையிலேர்ந்து அந்தச் சுருதியிலதான்.